வேருக்கு வரும் புதிய பாக்டீரியா, அங்கிருக்கும் பழைய கூட்டத்தை என்ன செய்கிறது?

கேள்வி இதுதான்: ரைசோபியம், அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற நன்மை செய்யும் பாக்டீரியாக்களை விதை நேர்த்தியாகவோ, நாற்றின் வேரை நனைத்தோ, மண்ணில் இட்டோ கொடுக்கிறோம். வேரைச் சுற்றி ஏற்கெனவே வாழும் நுண்ணுயிர்களுக்கு அப்போது என்ன நேர்கிறது? புதியவை பழையவற்றை விரட்டிவிடுமா? மண்ணின் இயல்பான சமநிலை கெட்டுவிடுமா? அல்லது ஒன்றுமே நடக்காதா?

பெரும்பாலான வயல்களில் நடப்பது சிறிய மாற்றம். அது சில வாரங்கள் நீடிக்கும். அந்த மாற்றமும், இடப்பட்ட பாக்டீரியா மற்றவற்றோடு நேருக்கு நேர் மோதுவதால் வருவதைவிட, செடியின் வேரை அது மாற்றுவதால் வருவதே அதிகம் என்பது என் தெளிவான கருத்து. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று கவலைப்பட வேண்டியதும்கூட; அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். தவறான எதிர்பார்ப்புகள் பலவும் இங்கேதான் பிறக்கின்றன. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரையுள்ள மேல்மண் ஏறத்தாழ 2,000 டன் எடை இருக்கும். அந்த மண்ணின் ஒவ்வொரு கிராமிலும் பத்துக் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; வளமான மண்ணுக்கு இது குறைந்த கணக்குதான். கிராமுக்குப் பத்துக் கோடி உயிருள்ள செல்கள் கொண்ட உயிர் உரம் ஒரு கிலோவை அந்த ஹெக்டேர் முழுவதும் கலந்துவிட்டால், ஏற்கெனவே இருக்கும் 20 லட்சம் பாக்டீரியாக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் புதியது போய்ச் சேர்கிறது. இந்த விகிதத்தில் மண்ணின் நுண்ணுயிர் அமைப்பு தலைகீழாகும் என்று அஞ்சவும் வேண்டாம், மண் முழுவதும் திருந்திவிடும் என்று நம்பவும் வேண்டாம்.

அதே ஒரு கிலோவை விதைகளின் மேல் பூசினால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. முளைவேர் வெளிவரும் அந்தச் சில மில்லிமீட்டர் இடத்தில், முதல் சில நாட்களுக்கு, இடப்பட்ட பாக்டீரியாவே பெரும்பான்மையாக இருக்க முடியும். புறப்படும் இடத்திலேயே பஸ் ஏறியவருக்கு விரும்பிய இருக்கை கிடைப்பதும், நிரம்பி வழியும் பஸ்ஸில் நடுவழியில் ஏறுபவர் தொங்கிக்கொண்டு போவதும் போன்ற வேறுபாடு இது. விதை நேர்த்தியும் நாற்று வேர் நனைத்தலும் பரவலான மண் இடுதலைவிடப் பெரும்பாலும் கூடுதல் பலன் தருவதற்குக் காரணம், அவை பாக்டீரியாவை இடம் காலியாக இருக்கும்போதே கொண்டுபோய் விடுவதுதான்.

வேர் எதற்காக இவ்வளவு போட்டிக்குரிய இடமாக இருக்கிறது? செடி ஒளிச்சேர்க்கையில் உருவாக்கும் கரிமத்தில் கணிசமான பங்கை வேர் வழியாக வெளியே கசியவிடுகிறது: சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், மாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம், ஃபீனால் சேர்மங்கள், வேர்நுனியிலிருந்து உதிரும் செல்கள். பசித்துக் கிடக்கும் மண்ணில் இது பெரிய விருந்து. ஜெர்மானிய விஞ்ஞானி லோரென்ஸ் ஹில்ட்னர் 1904-ஆம் ஆண்டிலேயே வேரைச் சுற்றிய இந்தப் பகுதியைத் தனி மண்டலமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அதற்கு ‘ரைசோஸ்ஃபியர்’, அதாவது வேர்மண்டலம், என்று பெயரும் வைத்தார். வேர்மண்டலத்தில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுற்றியுள்ள மண்ணைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகமாக இருக்கும். ஆனால் வகைகள் குறைவு. வேர், தான் கசியவிடும் பொருட்களால் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஓரளவு தேர்ந்தெடுக்கிறது. ஆகவே, பயிர் இனமும் ரகமும் அதன் வயதும் வேர்மண்டலத்தை உருவாக்கும் அளவுக்கு, நாம் வெளியிலிருந்து கொண்டுவரும் ஒரு பாக்டீரியா உருவாக்குவதில்லை.

இடப்பட்ட பாக்டீரியாவின் எண்ணிக்கை வேரில் எப்படி மாறுகிறது என்று பின்தொடர்ந்த ஆய்வுகள் பலவற்றிலும் ஒரே போக்கு தெரிகிறது. தொடக்கத்தில் ஒரு கிராம் வேருக்குக் கோடிக்கணக்கில் இருப்பது, சில வாரங்களில் லட்சங்களாகவும் ஆயிரங்களாகவும் இறங்கிவிடுகிறது. காரணங்கள் பல. பாக்டீரியாக்களைத் தின்று வாழும் ஓரணு உயிரிகள் அவற்றைத் தின்கின்றன. ஆய்வகத்தின் செழிப்பான ஊட்டத்தில் வளர்ந்த செல்கள் வறண்ட, அமிலமான, உப்பான மண்ணில் திணறுகின்றன. உணவுப் போட்டியோ கடுமையானது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, மண்ணில் வேண்டுமென்றே வெவ்வேறு அளவு நுண்ணுயிர்ப் பன்மையை உண்டாக்கி, அதில் வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவைச் சேர்த்துப் பார்த்தது. பன்மை எவ்வளவு அதிகமோ, வந்தேறி அவ்வளவு விரைவில் மறைந்தது. இங்கே ஒரு முரண் இருப்பதைக் கவனியுங்கள்: உயிர்ப்போடு இருக்கும் நல்ல மண்ணில்தான் உயிர் உரம் வேர்பிடிக்க மிகவும் சிரமப்படுகிறது. கிருமிநீக்கம் செய்த நாற்றங்கால் கலவையில், மண்ணில்லா வளர்ப்பில் அது எளிதில் நிலைகொள்கிறது. ஆய்வகத் தொட்டியில் கிடைத்த அற்புதமான முடிவு வயலில் கிடைக்காமல் போவதற்குப் பெரிய காரணங்களில் இது ஒன்று.

தோற்றுப்போன பாக்டீரியா எந்தத் தடமும் விடாது என்று நினைக்க வேண்டாம். 2018-இல் வந்த ஓர் ஆய்வில், மண்ணில் சேர்த்த ஈ.கோலை பாக்டீரியா தாக்குப்பிடிக்க முடியாமல் அழிந்த பின்னும், அங்கிருந்த கூட்டம் தன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஈ.கோலை விரும்பிய உணவுகளுக்காக அதனோடு போட்டியிட நேர்ந்தவை பின்னடைந்தன. வேறு உணவுகளைப் பயன்படுத்தியவை மேலெழுந்தன. அது உயிர் உரம் அல்ல, ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்த ஒரு வந்தேறி என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் அதன் பாடம் உயிர் உரத்துக்கும் பொருந்தும். ‘ஒரு மாதம் கழித்துத் தேடினோம், இட்ட பாக்டீரியாவைக் காணோம், ஆகவே விளைவில்லை’ என்று முடிவு கட்டுவது சரியாகாது.

இனி, செடி வழியாக வரும் மாற்றத்துக்கு வருகிறேன். இதுதான் விஷயத்தின் நடுமையம்.

அசோஸ்பைரில்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலில் ஜோஹன்னா டோபரெய்னர் 1970-களில் புல்வகைச் செடிகளின் வேர்களில் இதை ஆராய்ந்தபோது, காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தி தானியப் பயிர்களுக்குக் கொடுக்கும் என்பதே பெரிய நம்பிக்கையாக இருந்தது. நைட்ரஜன் நிலைநிறுத்தும் ஆற்றல் அதற்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் பயிரில் கண்ணுக்குத் தெரியும் பலனில் பெரும்பங்கு அது சுரக்கும் இன்டோல் அசிடிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியால் வருகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பக்கவேர்கள் பெருகுகின்றன, வேர்த்தூவிகள் அடர்கின்றன. வேரின் பரப்பு கூடினால் நீரும் சத்தும் கூடுதலாகக் கிடைக்கும்; அதோடு கசிவின் அளவும் கசியும் இடங்களும் மாறும். இளம் வேர்நுனியில் வாழும் நுண்ணுயிர்கள் வேறு, முதிர்ந்த வேர்ப்பகுதியில் வாழ்பவை வேறு. வேரின் வடிவம் மாறினால் குடியிருப்போரின் பட்டியலும் தானாகவே மாறும். அசோஸ்பைரில்லம் அயலாரில் யாரையும் தொடவே வேண்டியதில்லை.

சில பாக்டீரியாக்கள், எத்திலீன் என்ற செடி ஹார்மோன் உருவாக உதவும் ஏ.சி.சி. என்ற சேர்மத்தை உடைத்துவிடுகின்றன. வறட்சியிலும் உப்பிலும் வேரின் வளர்ச்சியை முடக்குவது மிகுதியான எத்திலீன்தான். அது குறைந்தால் வேர் தொடர்ந்து நீள்கிறது. விளைவு மேலே சொன்னதேதான்.

இன்னும் நுட்பமான வழி, செடியின் நோய் எதிர்ப்பு. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் வேரில் சூடோமோனாஸ் சிமியே இனத்தைச் சேர்ந்த டபிள்யூ.சி.எஸ்.417 என்ற திரிபை (ஓர் இனத்துக்குள் உள்ள தனி வகையை) வைத்தால், வேர் கூமாரின் வகைச் சேர்மமான ஸ்கோப்போலெட்டினை வெளியே கசியத் தொடங்குகிறது. அது மண்ணில் வாழும் சில நோய்ப் பூஞ்சைகளை அடக்குகிறது, டபிள்யூ.சி.எஸ்.417-ஐ அது பாதிப்பதில்லை. தனக்குத் தீங்கு செய்யாத நஞ்சை வேரிடமிருந்து சுரக்கவைத்து, அந்த இடத்தைத் தனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்கிறது அந்த பாக்டீரியா. 2018-இல் இது வெளியானபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது: இலையில் நோய் தாக்கிய செடி வேர் வழியாக மாலிக் அமிலத்தைக் கூடுதலாகக் கசியவிட்டு பேசில்லஸ் சப்டிலிஸை வேருக்கு வரவழைப்பதை 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. பாக்டீரியாவும் செடியும் மாறிமாறிப் பேசிக்கொள்ளும் இந்த உறவில், மற்ற நுண்ணுயிர்களின் அளவு ஏறுவதும் இறங்குவதும் பக்கவிளைவாகவே நிகழ்கிறது.

நேரடி மோதல் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். சூடோமோனாஸ் சுரக்கும் சிடரோஃபோர்கள் மண்ணிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு, மற்றவற்றுக்குக் கிடைக்காமல் செய்கின்றன. பேசில்லஸ் இனங்கள் சர்ஃபேக்டின், இட்டூரின், ஃபெங்கைசின் போன்ற சேர்மங்களைச் சுரக்கின்றன. ஆய்வகத் தட்டில் வளர்க்கும்போது பூஞ்சை அண்ட முடியாத தெளிவான வட்டத்தை இவை உண்டாக்குவது கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் வேரில் இந்தச் சுரப்பு சில மைக்ரோமீட்டர் தூரத்துக்குள் நடக்கும் சங்கதி. பேசில்லஸ் எஃப்.இசட்.பி.42 திரிபை வயலில் கீரைவகைச் செடியான லெட்யூஸுக்குக் கொடுத்து, வேர்மண்டலத்தின் மொத்த மரபணுத் தொகுதியையும் படித்த ஆய்வு, அங்கிருந்த பாக்டீரியாக் கூட்டத்தில் குறிப்பிடும்படியான மாற்றத்தைக் காணவில்லை.

கோதுமையின் ‘டேக்-ஆல்’ வேர்நோய் இந்த இடத்தில் நல்ல பாடம். ஒரே வயலில் தொடர்ந்து கோதுமையே பயிரிட்டால் நோய் சில ஆண்டுகள் கடுமையாகி, பிறகு தானாகத் தணிகிறது. காரணங்களை ஆராய்ந்தபோது, பல வயல்களில் டயஅசிட்டில்ஃப்ளோரோகுளுசினால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சுரக்கும் சூடோமோனாஸ் ஒரு கிராம் வேருக்கு ஒரு லட்சம் என்ற அளவைத் தாண்டியிருப்பது தெரியவந்தது. அந்த அளவுக்குக் கீழே பாதுகாப்பு பலவீனம். பல ஆண்டுப் பயிர்முறை மெல்ல வளர்த்த கூட்டம் அது; ஒரு பாக்கெட்டை வாங்கி ஒரே பருவத்தில் அதை நகலெடுக்க முயல்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள்.

ரைசோபியத்தின் கதை தனி, ஏனென்றால் அது வேருக்கு வெளியே நின்று போட்டியிடுவதோடு நிற்காமல், வேர்முடிச்சு என்ற தனி வீட்டுக்குள் போகிறது. அங்கே போட்டி மிகத் தெளிவாக அளக்கக்கூடியது: எந்தத் திரிபு எத்தனை முடிச்சுகளைப் பிடித்தது என்று எண்ணிவிடலாம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் சோயா நெடுங்காலமாகப் பயிராவதால், மண்ணிலேயே சோயாவில் முடிச்சு போடும் பிராடிரைசோபியம் குடியேறிவிட்டது. நைட்ரஜன் நிலைநிறுத்துவதில் சிறந்த புதிய திரிபுகளை விதையில் பூசினாலும், பெரும்பாலான முடிச்சுகளை மண்ணில் இருந்தவையே பிடித்துக்கொண்டன. பாதி முடிச்சுகளையாவது புதியது பிடிக்க வேண்டுமானால், ஒரு கிராம் மண்ணில் உள்ள எண்ணிக்கையைப் போல் ஆயிரம் மடங்கையாவது விதையோடு தர வேண்டும் என்று 1974-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மாறாக, பொருத்தமான ரைசோபியம் கிராமுக்குப் பத்துகூட இல்லாத மண்ணில் விதை நேர்த்தி செய்தால் விளைச்சல் துள்ளி எழுகிறது. பிரேசிலுக்குச் சோயா வெளியிலிருந்து வந்த பயிர். அதற்கேற்ற பிராடிரைசோபியம் அந்த மண்ணில் இயல்பாக இல்லை. தேர்ந்தெடுத்த திரிபுகளை இட்டு, நைட்ரஜன் உரம் பெரும்பாலும் இல்லாமலே அங்கே சோயா விளைகிறது. இட்ட பாக்டீரியா மண்ணில் தங்கிவிட்ட பிறகும் ஆண்டுதோறும் மீண்டும் விதை நேர்த்தி செய்வது பலன் தருவதையும் அங்குள்ள வயல்கள் காட்டியுள்ளன.

இப்போது, கவலை தருவதாக முன்பு சொன்ன விதிவிலக்கு. பாக்டீரியா தங்காவிட்டாலும் அதன் மரபணு தங்கிவிடலாம்.

நியூசிலாந்தில், பொருத்தமான ரைசோபியம் மண்ணில் இல்லாத ஓர் இடத்தில், லோட்டஸ் என்ற தீவனப் பயறுச் செடியை அதற்கேற்ற ரைசோபியம் வகையான மீசோரைசோபியம் லோட்டியின் ஒரே ஒரு திரிபோடு சேர்த்து விதைத்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து முடிச்சுகளிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை இட்ட திரிபே இல்லை. மண்ணில் முன்பே வாழ்ந்த, முடிச்சு போடத் தெரியாத மீசோரைசோபியங்கள், கூட்டுவாழ்வுக்கான மரபணுக்கள் மொத்தமாக அடங்கிய ஏறத்தாழ ஐந்து லட்சம் எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு ஒன்றை இட்ட திரிபிடமிருந்து பெற்றுக்கொண்டு, முடிச்சு போடும் பாக்டீரியாக்களாக மாறியிருந்தன. 1995-இல் வெளியான அந்த ஆய்வு, உயிர் உரத்தைப் பற்றிய பார்வையையே மாற்ற வேண்டிய ஒன்று. லோட்டஸில் அது கேடாக முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் பைசெருலா என்ற மேய்ச்சல் பயறுச் செடிக்கு இதேபோல் ரைசோபியம் கொடுத்தபோது, சில ஆண்டுகளுக்குள் மண்ணின் சொந்த பாக்டீரியாக்கள் அந்த மரபணுத் துண்டைப் பெற்று முடிச்சு போடத் தொடங்கின. அவற்றில் பல நைட்ரஜனை மிகக் குறைவாகவே நிலைநிறுத்தின. சில அறவே செய்யவில்லை. முடிச்சுக்கான போட்டியிலோ அவை நன்றாகவே தாக்குப்பிடித்தன.

இதை முன்கூட்டியே சிந்தித்துச் செயல்பட்ட எடுத்துக்காட்டும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆலன் கெர் அறிமுகப்படுத்திய கே84 என்ற திரிபு, பழமரங்களில் தண்டுக்கழலை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியத்தைக் கொல்லும் அக்ரோசின் 84 என்ற பொருளைச் சுரக்கிறது. அந்தப் பொருளையும் அதைத் தாங்கும் திறனையும் உண்டாக்கும் மரபணுக்கள் ஒரு பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையத்தில், இருக்கின்றன; அந்த பிளாஸ்மிட் நோய்க்கிருமிக்கே தாவிவிட்டால், சிகிச்சை அதன் பிறகு பலிக்காது. ஆகவே தாவுவதற்கான பகுதியை நீக்கி கே1026 என்ற திரிபை உருவாக்கினார்கள். உயிர் உரங்களைத் தேர்ந்தெடுப்போர் எல்லோரும், விளைச்சலோடு சேர்த்து, எந்த மரபணுக்கள் தாவக்கூடிய துண்டுகளில் இருக்கின்றன என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு மரபணு அப்படிப்பட்ட துண்டில் இருந்தால், அந்தத் திரிபு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் வயலுக்குப் போகக் கூடாது.

ஆய்வுகளின் முடிவுகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்ற குழப்பமும் உங்களுக்கு எழும். 2005-இல் மக்காச்சோள வேரில் அசோஸ்பைரில்லம் பிரசிலென்ஸ், அங்கிருந்த பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்பைப் பாதிக்கவில்லை என்று ஒரு குழு கண்டது. 2009-இல் வயலில் வளர்ந்த மக்காச்சோளத்தில் அசோஸ்பைரில்லம் லிப்போஃபெரம் அமைப்பை மாற்றியது என்று இன்னொரு குழு கண்டது. திரிபு வேறு, மண் வேறு, மாதிரி எடுத்த நாள் வேறு, அளந்த முறையும் வேறு. அளவிடும் முறைகளில் இரண்டு பொறிகள் உண்டு. இன்றைய டி.என்.ஏ. வாசிப்பு பெரும்பாலும் விகிதங்களையே தருகிறது. ஒரு பாக்டீரியா பெருகினால், எண்ணிக்கை மாறாத மற்றவையும் குறைந்ததுபோலத் தோன்றும். இன்னொன்று, இறந்த செல்களின் டி.என்.ஏ. மண்ணில் நீண்டநாள் கிடக்கும். 2016-இல் பல மண் மாதிரிகளைச் சோதித்ததில், சராசரியாக 40 சதவீத டி.என்.ஏ. உயிருள்ள செல்லுக்குள் இல்லாதது என்று தெரிந்தது. ஆகவே, ‘எங்கள் பாக்டீரியா வேரில் நிலைத்துவிட்டது’ என்று யாராவது வரைபடம் காட்டினால், அந்தத் திரிபை மட்டும் தனியாக எண்ணினார்களா, உயிருள்ளதையா எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியாக்களைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: கால்சியம் பாஸ்பேட் கலந்த தட்டில் தெளிவான வளையம் போடும் திறனை வைத்துத் தேர்ந்தெடுத்த பல திரிபுகள் வயலில் அதே வேலையைச் செய்வதில்லை. பத்து இனங்களைக் கலந்து விற்கும் கலவைகளிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒன்றையொன்று அடக்காமல் சேர்ந்து வாழும் என்று சோதித்துக் காட்டிய இரண்டு மூன்று இனங்களின் கூட்டணியே மேல்.

பயன்படுத்துவோருக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது? எந்த பாக்டீரியா வலிமையானது என்று தேடுவதற்கு முன், இந்த மண்ணில் எது இல்லை என்று கேளுங்கள். ஒரு பயறுப் பயிரை முதன்முறையாக விதைக்கும் நிலம், நீண்டநாள் தரிசாகக் கிடந்த நிலம், வெயிலாலோ வேதிப்பொருளாலோ கிருமிநீக்கம் செய்த நாற்றங்கால் ஆகியவற்றில் உயிர் உரம் உறுதியாகக் கைகொடுக்கும் வாய்ப்பு அதிகம். பூஞ்சைக்கொல்லி பூசிய விதையில் ரைசோபியத்தைப் பூசினால் அதில் பெரும்பகுதி விதைக்கு மேலேயே செத்துவிடும். உற்பத்தியாளர் இரண்டும் ஒத்துப்போகும் என்று சொன்னால் மட்டும் சேருங்கள். விதை நேர்த்தி செய்த விதையை நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். வித்துகளாக உறங்கத் தெரிந்த பேசில்லஸ் உலர்ந்த நிலையைத் தாங்கும். சூடோமோனாஸும் ரைசோபியமும் அசோஸ்பைரில்லமும் அந்த அளவுக்குத் தாங்காது. பயறு வகைகளுக்கு நைட்ரஜன் உரத்தைத் தாராளமாகப் போட்டால் செடியே முடிச்சுகளைத் தவிர்த்துவிடும்.

பலன் உண்டா என்று உங்கள் வயலிலேயே அறிய, ஒரு பட்டையை உயிர் உரம் இல்லாமல் விட்டு, மற்றதெல்லாம் ஒன்றுபோலவே செய்யுங்கள். பயறு வகையானால், பூக்கும் பருவத்தில் இரு பக்கமும் சில செடிகளை வேரறாமல் மண்ணோடு தோண்டியெடுத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். முதன்மை வேரின் மேற்பகுதியில், விதை இருந்த இடத்தை ஒட்டிக் குவிந்திருக்கும் முடிச்சுகள் பெரும்பாலும் விதையோடு போன பாக்டீரியாவால் ஆனவை. பக்கவேர்களில் தொலைவில் சிதறிக் கிடப்பவை பெரும்பாலும் மண்ணில் இருந்தவற்றின் வேலை. முடிச்சுகளை நகத்தால் நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் நிலைநிறுத்தம் நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சால் செடிக்குப் பயன் இல்லை. உயிர் உரம் இடாத பட்டையிலும் சிவந்த முடிச்சுகள் நிறைய இருந்தால், உங்கள் மண்ணிலேயே நல்ல ரைசோபியம் குடியிருக்கிறது என்று பொருள். அந்தப் பயிருக்கு அடுத்த பருவம் உயிர் உரம் வாங்குவதா வேண்டாமா என்பதை, இரு பட்டைகளின் விளைச்சலையும் தனித்தனியே எடைபோட்ட பிறகு தீர்மானிக்கலாம்.